கொடியின் பிசிர் எங்கே போகும்?

மக்களே, ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். அண்டார்டிகாவில் நம்ம தேசியக் கொடி பறக்கிற போட்டோவை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. சுத்தி வெள்ளைப் பனி, பின்னாடி ஆராய்ச்சி நிலையம், முன்னாடி விஞ்ஞானிகள், நடுவுல மூவர்ணம். அந்தக் கொடி என்ன துணி? அதைத் தைத்தது யார்? காற்றில் கிழிஞ்சா அது எங்கே போகும்?

எனக்கும் இந்தக் கேள்வி தோணினதில்லை. கேட்டது எங்க அம்மா.

அம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்தாலும் சில நாள் கையில் ஒரு மூட்டை இருக்கும். பிசிர் வெட்டுற வேலை. ஒரு ராத்திரி நான் போன்ல அந்த அண்டார்டிகா போட்டோவைக் காட்டினேன். "இங்க பாரும்மா, பூமியோட அடிப்பக்கம், அங்கயும் நம்ம கொடி!" அம்மா கத்திரியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாங்க.

"அங்க காத்து பலமா அடிக்குமா கண்ணு?"

"ரொம்ப பலமா அடிக்கும்."

"அப்ப ஓரம் நிக்காதே. பிசிர் விட்டுரும். அந்த நூலெல்லாம் எங்க போகும்?"

ஆறு செமஸ்டர் டெக்ஸ்டைல் படிச்சவன்கிட்ட அதுக்குப் பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். தேடி முடிச்சப்போ எனக்கு ஒரு கருத்து வந்திருச்சு. அதைத்தான் உங்க முன்னாடி வைக்கிறேன்: பனிக்கண்டத்துக்குப் போகிற நம்ம கொடி, கையால் நூற்று, கையால் நெய்து, கையால் தைத்த கொடியாக இருக்கணும். தேசபக்திப் பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு இருக்கிற காரணம் துணி சம்பந்தப்பட்டது.

முதலில் வடதுருவத்துக்குப் போவோம். ராபர்ட் பியரி என்ற அமெரிக்கர் 1909 ஏப்ரலில் வடதுருவத்தைத் தொட்டதாக அறிவித்தார். உண்மையிலேயே தொட்டாரா என்ற சண்டை இன்னைக்கும் ஓயவில்லை. ஆனால் அவர் கொண்டு போன கொடி பற்றிச் சண்டை இல்லை. அதைப் பட்டுத்துணியில் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி ஜோசபின். அவரும் ஆர்க்டிக் போனவர்தான். 1893இல் கிரீன்லாந்திலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தவர். பியரி அந்தக் கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்தார். போய்ச் சேர்ந்த இடங்களில் அடையாளத்துக்கு அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்துவிட்டு வருவார். கடைசியில் வடதுருவம் என்று அவர் சொன்ன இடத்தில் விட்டு வந்தது குறுக்கே வெட்டிய ஒரு நீளப் பட்டை. இன்று அந்தக் கொடி நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டியிடம் இருக்கிறது, வெட்டின இடத்திலெல்லாம் ஒட்டுப்போட்டு.

அதை நினைக்கும்போது எனக்குப் பளிச்சுன்னு பட்டது ஒட்டுப்போட்டதுதான். கடையில் வாங்கின கொடியாக இருந்திருந்தால் புதுசு ஒன்று வாங்கியிருப்பார்கள். தைத்தவர் யார் என்று தெரிந்த துணியை நாம் லேசில் தூக்கிப் போடுவதில்லை. பாட்டி தைத்த கம்பளிப் போர்வை உங்க வீட்டிலும் ஒன்று இருக்கும்தானே?

இப்போ தெற்கே வருவோம். 1981 டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டுக் கப்பல் கிளம்பியது. உள்ளே 21 இந்தியர்கள். தலைவர் கடல் விஞ்ஞானி டாக்டர் எஸ்.இசட். காசிம். வெளியே பெரிசா சொல்லாமல் நடந்த பயணம் அது. 1982 ஜனவரி 9ஆம் தேதி அந்தக் குழு அண்டார்டிகாவில் கால் வைத்தது, நம் கொடியும் அங்கே ஏறியது.

அந்தக் காலத்தில் அரசு ஏற்றுகிற கொடி என்ன துணியில் இருக்கணும் என்பதற்குத் தரநிர்ணயம் இருந்தது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு ஐ.எஸ். நம்பர்கள் புதுசில்லை, கான்கிரீட்டுக்கு 456, ஸ்டீலுக்கு 800 என்று சிவில் பசங்க தூக்கத்திலும் சொல்வாங்க. அந்த வரிசையில் ஐ.எஸ். 1 எது தெரியுமா? தேசியக் கொடி. சுதந்திர இந்தியா எழுதிய முதல் தரநிர்ணயம், 1951இல். கொடியின் நீள அகலம் 3:2, சக்கரத்துக்கு 24 ஆரம், நிறம் எவ்வளவு வெயில் தாங்கணும், நூல் எவ்வளவு இழுவை தாங்கணும் எல்லாம் அதில் உண்டு. துணி? கைராட்டையில் நூற்று கைத்தறியில் நெய்த கதர். பருத்தியோ, கம்பளியோ, பட்டோ, எதுவானாலும் கதர். அதாவது ரொம்ப காலத்துக்கு, விதிப்படி நம்ம தேசியக் கொடி என்றாலே கையால் செய்த கொடிதான். உலகத்தில் எத்தனை நாடு தன் கொடிக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்கும்?

இப்போ ஒரு தேதிக் கணக்கு. 1932 ஜனவரி 10. நம்ம திருப்பூர்ல ஓர் ஊர்வலம் போச்சு. அப்போ தடை செய்யப்பட்டிருந்த, நடுவில் ராட்டை போட்ட மூவர்ணக் கொடியோடு நடந்தவர்களைப் போலீஸ் அடித்தது. மண்டை உடைந்து விழுந்தும் கொடியை விடாத 27 வயசுப் பையன் மறுநாள், ஜனவரி 11ஆம் தேதி, இறந்து போனார். சென்னிமலையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன். கொடி காத்த குமரன்.

1932 ஜனவரி 10, 1982 ஜனவரி 9. ஐம்பது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவு. கையில் பிடித்தாலே அடி என்றிருந்த கொடி, அந்த இடைவெளியில், பூமியின் கடைசிக் கண்டம் வரைக்கும் போயிருக்கிறது. ராட்டை போய் சக்கரம் வந்தது. ஆனால் துணி மாறவில்லை. குமரன் பிடித்ததும் கதர், ஐ.எஸ். 1 கேட்டதும் கதர்.

குமரனோட பேரு நமக்குத் தெரியும். தெரியணும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் நம்மில் பாதிப்பேர் பஸ் பிடிக்கிறோம். அவர் கையில் இருந்த கொடிக்கு நூல் நூற்றது யார், நெய்தது யார், ஓரம் அடித்தது யார்? அது நமக்குத் தெரியாது. ஊர் முழுக்கத் தையல் மெஷின் ஓடுகிற இந்த ஊரில், இந்தக் கேள்வியை யாரும் கேட்காதது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கு.

அப்புறம் 2021 டிசம்பர் 30. கொடி விதித் தொகுப்பில் ஒரு திருத்தம் வந்தது. இனி மெஷினில் செய்த கொடியும் செல்லும், பாலியஸ்டரும் செல்லும். அடுத்த ஆகஸ்ட்டில் வீடு தோறும் மூவர்ணக் கொடி இயக்கம். போஸ்ட் ஆபீஸிலேயே 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. தரச்சான்றோடு தேசியக் கொடி தயாரித்து வந்த கர்நாடகத்தின் ஹூப்ளி பெங்கேரி கதர் சங்கம் இந்தத் திருத்தத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும். அந்த ஆகஸ்ட்டில் எங்க தெருவில் இருந்த ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் கொடி ஆர்டர் வந்தது. பிரிண்ட் அடித்து வந்த பாலியஸ்டர் துணியை வெட்டி, ஓரம் மடித்து அடிக்கிற வேலை. அம்மா ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அடிச்சாங்க. பீஸ் ரேட். அந்தக் காசு என்னோட முதல் செமஸ்டர் ஃபீஸுக்குப் போச்சு. அதனால் பாலியஸ்டர் கொடியைக் கேவலமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. கதர்க் கொடி வாங்க முடியாத வீட்டிலும் அன்னைக்குக் கொடி பறந்தது, அது நல்ல விஷயம்தான். ஆனால் ஆகஸ்ட் 16ஆம் தேதி காலையில் அம்மா வேலைக்குப் போகும்போது, சாக்கடை ஓரத்தில் கிடந்த இரண்டு கொடியை எடுத்து, துடைத்து, மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போனாங்க. "நான் அடிச்சதா இருந்தாலும் இருக்கும்" அப்படின்னாங்க. அதுக்கு மேல எதுவும் சொல்லல.

ஊருக்குள் ஒரு கொடி கீழே கிடந்தால் எடுக்க ஒரு அம்மா வருவாங்க. அண்டார்டிகாவில்?

2022இல் நியூஸிலாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அண்டார்டிகாவின் ராஸ் தீவுப் பக்கம் 19 இடங்களில் புதுசாய் விழுந்த பனியை அள்ளிச் சோதித்தார்கள். எல்லா இடத்திலும் மைக்ரோபிளாஸ்டிக். உருகிய பனி ஒரு லிட்டருக்குச் சராசரி 29 துகள். அதில் அதிகமாகக் காணப்பட்டது பி.இ.டி. டெக்ஸ்டைல் படிக்கிறவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவங்களுக்காகச் சொல்றேன்: குளிர்பான பாட்டிலும் அதுதான், பாலியஸ்டர் துணியும் அதுதான். அந்தத் துகள் எல்லாம் கொடியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஜாக்கெட், கயிறு, கூடாரம், தூரதேசத்துக் காற்று என்று பல வழி உண்டு. ஆனால் இருக்கிற துணிகளிலேயே இருபத்துநாலு மணி நேரமும் காற்றில் நின்று தன்னைத் தானே அடித்துக்கொள்கிற துணி எது? கொடிதான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது புரியும். கம்பத்தில் கட்டிய பக்கம் கொடி அசையாது, மறுபக்க ஓரம் சாட்டை நுனி மாதிரி சொடுக்கும். எல்லாக் கொடியும் அந்த ஓரத்தில்தான் முதலில் பிசிர் விடும். பனித்துகளோடு அடிக்கிற காற்று அதில் உப்புத்தாள் தேய்க்கிற வேலையைச் செய்யும். வசந்த காலத்தில் ஓசோன் துளை வழியாக வருகிற புற ஊதாக்கதிர் நூலின் பலத்தைக் குறைக்கும். அம்மா கேட்ட கேள்வி அங்கேதான் போய் நிற்கிறது. அந்த நூலெல்லாம் எங்க போகும்?

"சரி, பருத்தி மட்டும் தாங்குமா?" என்று நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. தாங்காது. பலத்தில் பாலியஸ்டர் பருத்தியை ஜெயிக்கும். பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைக்கும், பாலியஸ்டர் வெறும் 0.4. நனைந்து உறைந்தால் பருத்திக் கொடி பலகை மாதிரி விறைக்கும். இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன்: அந்தக் குளிரில் பருத்தியும் சீக்கிரம் மக்காது. ஸ்காட் குழுவின் மரக்குடிசை நூறு வருஷம் தாண்டியும் அங்கே நிற்கிறதே. அதனால் 'கதர் என்றால் தானாக மக்கிப் போயிடும்' என்று சொன்னால் நானே என்னை ஏமாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம் ஏன் கதர்? மூணு காரணம் சொல்றேன்.

முதலாவது, மெதுவாகவாவது அது மக்கும். பருத்தி செல்லுலோஸ், கம்பளி புரதம். கடலில் சேர்ந்த பருத்தி நூலைத் தின்ன நுண்ணுயிர்கள் உண்டு. பி.இ.டி. நூல் சின்னதாகும், இன்னும் சின்னதாகும், போகாது. பருத்தியின் பலம் போதவில்லை என்றால் கம்பளிக் கதர் இருக்கிறது. உலகக் கப்பல்கள் ரொம்ப காலம் கம்பளிக் கொடித்துணியில்தான் கொடி கட்டின. நம்ம விதியிலும் கம்பளிக்கு எப்போதும் இடம் உண்டு.

இரண்டாவது, கொடிக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. கிழிந்த, நைந்த கொடியை ஏற்றக் கூடாது. அதை முழுசாக, தனிமையில், மரியாதையாக எரித்தோ வேறு வழியிலோ முடிக்கணும் என்று கொடி விதி சொல்கிறது. லேபில் நாம் செய்கிற எரிப்புச் சோதனையை ஞாபகப்படுத்திக்கோங்க. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகும், சொட்டும், கறுப்புப் புகை விடும், கடைசியில் கையில் ஒரு கெட்டி உருண்டை மிஞ்சும். மரியாதையாக எரி என்கிறது விதி, எரிய மாட்டேன் என்கிறது துணி. அண்டார்டிகாவில் குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கவே கூடாது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. ஆக, அங்கே போன கொடி முழுசாகத் திரும்பி வந்தாகணும்.

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கையால் செய்த கொடியைக் கவனிப்பார்கள். ஓரம் பிசிர் விட்ட அன்றே இறக்குவார்கள். ஒட்டுப்போடுவார்கள், பியரி கொடிக்கு நடந்த மாதிரி. 25 ரூபாய்க் கொடி கிழிந்தால் அடுத்ததை ஏற்றலாம் என்றுதான் மனசு சொல்லும். நான் உட்பட எல்லாருக்கும்.

இன்னொரு விஷயமும் யோசிங்க. 1959இல் கையெழுத்தாகி 1961இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிகா ஒப்பந்தம், அங்கே யாரும் புதுசாக நிலத்துக்கு உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது. 1983இல் நாமும் அதில் சேர்ந்தோம். எனவே அங்கே கொடி நடுவது இடம் பிடிக்கிற வேலை இல்லை. முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியைப் பனியே மூடிவிட்டது. அப்புறம் மைத்ரி வந்தது, 2012இல் பாரதி வந்தது. நாங்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று சொல்வதற்கு மட்டும்தான் அங்கே கொடி. அப்படியென்றால் அது எந்தத் துணி என்பது சின்ன விஷயமா?

இப்போதைய விதி எதையும் கட்டாயப்படுத்தவில்லை. பாலியஸ்டரும் செல்லும், கதரும் செல்லும். அதனால் இது இனிமேல் சட்டத்தின் கேள்வி இல்லை, நம்ம தேர்வு. நான் கேட்கிறது இரண்டுதான்.

ஒண்ணு, கோவாவில் இருக்கிற தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்துக்கு நம்ம மாணவர்கள் சார்பில் ஒரு கடிதம். அண்டார்டிகாவுக்கும் ஆர்க்டிக்கில் இருக்கிற ஹிமாத்ரிக்கும் போகிற கொடி கதராக இருக்கட்டும், பிசிர் விட்டதும் இறக்கித் திரும்பக் கொண்டு வரட்டும். கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் நூற்றவர், நெய்தவர், தைத்தவர் பேரைப் பயணக் குறிப்பேட்டில் எழுதட்டும். விஞ்ஞானிகள் பேரோடு சேர்த்து, அதே பக்கத்தில்.

ரெண்டு, நம்ம வேலை. எவ்வளவு நாள் எந்தக் காற்றில் எந்தக் கொடி தாங்கும், எவ்வளவு நூலை உதிர்க்கும்? டெக்ஸ்டைல், மெக்கானிக்கல், சிவில் மூணு டிபார்ட்மெண்டும் சேர்ந்தால் ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். காற்றுச் சுரங்கம் ஒன்று, ஃப்ரீசர் ஒன்று, புற ஊதா விளக்கு ஒன்று, நாலு வகைத் துணி. சென்னிமலை நம்ம காலேஜிலிருந்து பஸ்ல போய்வர்ற தூரம். அங்கே இன்னும் தறி ஓடுது. திருப்பூர் துணி பின்னல் துணி, இழுத்தால் நீளும், கொடிக்கு ஆகாது. கொடிக்கு நெசவு வேணும். குமரன் அங்கே பிறந்து இங்கே இறந்தார். நாம ஒரு தடவை இங்கேயிருந்து அங்கே போகலாம்.

கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குகிற தாள் அடுத்த திங்கட்கிழமை முதல் லைப்ரரி வாசலில் இருக்கும். நீங்க ஒத்துக்கலைன்னா அங்கேயே வந்து சண்டை போடுங்க. பாலியஸ்டர்தான் சரி என்று ஒரு நல்ல கணக்கோடு வந்தீங்கன்னா, அதையும் இதே இதழில் போடச் சொல்கிறேன்.

முதல் கையெழுத்து போட்டாச்சு. கடிதத்தை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு திருத்தம் சொன்னாங்க: "தைத்தவர்னு மட்டும் போட்டிருக்க. பிசிர் வெட்டுனவங்களையும் சேர்த்துக்கோ சாமி."

சேர்த்துட்டேன்.